கப்பலில் தொடங்கிய மேற்படிப்பு

சென்னை சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை, 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையைச் சேர்ந்தது. 1871-இல் அந்தப் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைந்த பிறகு, பம்பாயில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் படிக்கச் சென்ற மதராஸ் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தின் முதற்கட்டமாக அது அமைந்தது. இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்து ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்குக் கல்விக்கடன், விசா, மொழித்தேர்வு ஆகிய ஆயத்தங்கள் மாதக்கணக்கில் நீள்கின்றன. ஆனால், மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய பின் பயணம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. புறப்பட்ட ஊருக்கும் சேரும் ஊருக்கும் இடையில் எவருடைய கட்டளைக்கும் உட்படாமல் கிடைத்த நெடுநேரம் ஒரு மாணவரின் சிந்தனைக்கு எவ்வளவு உதவக்கூடும் என்பதற்கு, வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் 1930-ஆம் ஆண்டுக் கப்பற்பயணத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மதராஸ் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சந்திரசேகர், இந்திய அரசின் உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டபோது அவருக்கு வயது 19. தாயார் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்ததால் பிரியத் தயங்கிய மகனைப் போகும்படி வற்புறுத்தியவர் அந்தத் தாயாரே. 1931 மே மாதத்தில் அவர் காலமானபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். வெளிநாட்டுப் படிப்பின் விலையை உதவித்தொகையும் கட்டணமும் மட்டும் காட்டிவிடுவதில்லை என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து 'பில்ஸ்னா' என்னும் கப்பல் வெனிஸ் நோக்கிப் புறப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளித்த அரபிக்கடலைத் தாண்டிய பின் கிடைத்த அமைதியான நாட்களில், சந்திரசேகர் ஃபௌலரின் 1926-ஆம் ஆண்டுக் கோட்பாட்டை மீண்டும் எண்ணிப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கி ஏறத்தாழப் பூமியின் அளவுக்கு வந்துவிடும்போது அதை வெண்குறுமீன் என்பர். அதற்கு மேலும் அது நொறுங்காமல் தடுப்பது, நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் ஒன்றுகூட மறுப்பதால் எழும் அழுத்தம் என்று ஃபௌலர் விளக்கியிருந்தார். அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகுமே, அப்படியானால் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலையும் சேர்த்தல்லவா கணக்கிட வேண்டும் என்பதே கப்பலில் சந்திரசேகருக்குத் தோன்றிய கேள்வி. சார்பியலைச் சேர்த்தபோது, அடர்த்தி கூடுவதற்கு ஈடாக அழுத்தம் கூடாமல் பின்தங்கியது. ஆகவே, ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது என்ற முடிவு கிடைத்தது. சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கான அந்த எல்லையே இன்று 'சந்திரசேகர் எல்லை' எனப்படுகிறது.

கேம்பிரிட்ஜ் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. இயற்பியலாளர் டிராக் போன்ற மேதைகளுக்கு நடுவே தன் தகுதியைப் பற்றிய ஐயமும் தனிமையும் அவரை வாட்டின. அவருக்கு உதவியது மறுபடியும் பயணம்தான்: 1931 கோடையில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னிடமும், டிராக்கின் யோசனைப்படி 1932-இல் கோபன்ஹேகனுக்குச் சென்று நீல்ஸ் போரின் நிறுவனத்திலும் அவர் தங்கியபோது, கேம்பிரிட்ஜில் கிடைக்காத தோழமை கிடைத்தது. 1933-இல் முனைவர் பட்டம் பெற்று மறு ஆண்டு சோவியத் நாட்டுக்குச் சென்றபோது, லெனின்கிராடின் வானியலறிஞர் அம்பார்ட்சுமியான் அந்த எல்லையைத் தோராயமின்றி முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டுமாறு தூண்டினார்.

அவ்வாறு கணக்கிட்ட முடிவை 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தில் அவர் படித்தபோது, அவர் பெரிதும் மதித்த கேம்பிரிட்ஜ் வானியலறிஞர் எடிங்டன் அவைமுன்னே அதை மறுத்துரைத்தார். கேம்பிரிட்ஜிலேயே வெளிப்படையான ஆதரவு கிடைக்காத நிலையில், சந்திரசேகர் கடிதம் எழுதியது கோபன்ஹேகனில் நண்பரான லியோன் ரோசன்ஃபெல்டுக்கே. நீல்ஸ் போரும் பின்னர் இயற்பியலாளர் பௌலியும் எடிங்டனின் வாதத்தில் பொருளில்லை என்றே கருதினர்; ஆனால், அதைப் பொதுவில் சொல்ல அவர்கள் முன்வராததால் சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.