பாலியல் வழக்கு மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போனதா, ஸ்டேஷனிலேயே கிடக்கிறதா? 10 ரூபாய் ஆர்.டி.ஐ. மனுவில் கேட்பது எப்படி?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி அருகே ஆரம்பாக்கம் பகுதியில், 2025 ஜூலை 12-ம் தேதி ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. சிசிடிவி காட்சியை வைத்துத் தேடிய போலீசார், சுமார் இரண்டு வாரம் கழித்து ஒருவரைக் கைது செய்தனர்.

அந்த இடத்தில் கேமரா இருந்தது. எல்லா இடத்திலும் இருக்குமா? சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும் இருட்டு ரோட்டிலோ, பூட்டிய அறைக்குள்ளோ நடக்கும் குற்றத்துக்குப் பல நேரங்களில் மிஞ்சுவது உடலிலும் உடையிலும் இருக்கும் தடயம் மட்டும்தான். அந்தத் தடயம் சோதிக்கப்பட்டதா என்பதை பொதுமக்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

மாதிரிகள் எங்கே தேங்கும்?

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 184-வது பிரிவு. மருத்துவமனையில் எடுக்கப்படும் மாதிரிகள் சீல் வைக்கப்பட்டு போலீசாரிடம் தரப்படும். தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் நீதிமன்றம் வழியாகத்தான் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

ஆக, தேக்கம் மூன்று இடங்களில் ஏற்படலாம்: போலீஸ் ஸ்டேஷன், நீதிமன்றம், ஆய்வகம். ஆய்வகம்தான் லேட் என்று போலீசும், எங்களுக்கு வரவே இல்லை என்று ஆய்வகமும் சொன்னால், உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் என்ன நடந்தது?

2009-ல் டெட்ராய்ட் நகர போலீஸ் கிடங்கு ஒன்றில், சோதிக்கப்படாத 11,000-க்கும் மேற்பட்ட பாலியல் வழக்கு ஆதாரப் பெட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு அவற்றைச் சோதித்தபோது, நூற்றுக்கணக்கானோர் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களில் தொடர்புள்ளவர்கள் எனத் தெரியவந்தது. முதல் பெட்டியையே சோதித்திருந்தால், அடுத்தடுத்த பெண்கள் தப்பித்திருக்கலாம்.

மற்ற நகரங்களில் நிலைமை என்ன? பத்திரிகையாளர்களும் தன்னார்வ அமைப்புகளும் நம்ம ஊர் ஆர்.டி.ஐ. போன்ற அந்நாட்டுச் சட்டங்களின் கீழ் மனு போட்டார்கள். 2015-ல் யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ், 1,000-க்கும் மேற்பட்ட போலீஸ் அமைப்புகளில் குறைந்தது 70,000 பெட்டிகள் சோதிக்கப்படாமல் இருப்பதை வெளியிட்டது. பல மாகாணங்களில் சட்டம் மாறியதற்கு இப்படி வெளிவந்த எண்ணிக்கையும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன?

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில், மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலை 15-ம் தேதி சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த குளறுபடிகளும் அதற்குக் காரணம். மாதிரி சரியாகப் பாதுகாக்கப்படாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கும் நீதி கிடைக்காது, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்காது.

அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதற்கும் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாதிரி யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். பதிவேடு என்று ஒன்று இருந்தால், அதை ஆர்.டி.ஐ.யில் கேட்கலாம்.

மனுவில் என்ன கேட்க வேண்டும்?

"ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தில் இருப்பதைத்தான் தகவல் அலுவலர் தர வேண்டும். அதனால் எண்ணிக்கையாகவும் நகலாகவும் கேளுங்கள்.

1. கடந்த மூன்று ஆண்டுகளில் பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளில் மாதிரி எடுக்கப்பட்டவை எத்தனை? (ஆண்டு வாரியாக, ஸ்டேஷன் வாரியாக)
2. அவற்றில் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டவை எத்தனை?
3. அறிக்கை வந்தவை எத்தனை? 6 மாதம், ஒரு வருடம் தாண்டியும் வராதவை எத்தனை?
4. 2025 ஜூலை 15 தீர்ப்பை அமல்படுத்த அனுப்பப்பட்ட சுற்றறிக்கையின் நகல்.
5. மாதிரி கைமாறும் பதிவேட்டின் நகல், பெயர், முகவரி நீக்கி.

யாருக்கு அனுப்ப வேண்டும்?

கும்மிடிப்பூண்டி என்றால் திருவள்ளூர் மாவட்ட எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஆவடி, பூந்தமல்லி போன்ற பகுதிகள் 2022 முதல் ஆவடி போலீஸ் கமிஷனரேட்டில் வருவதால், அங்கே தனி மனு போட வேண்டும்.

மிக முக்கியமாக, எத்தனை மாதிரிகள் வந்தன, எத்தனை நிலுவையில் உள்ளன என்று சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்கும் அதே நாளில் ஒரு மனு அனுப்புங்கள். போலீஸ் "அனுப்பினோம்" என்று சொல்லும் எண்ணுக்கும், ஆய்வகம் "வந்தது" என்று சொல்லும் எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால், வழியில் எங்கோ தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மனுக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாலே போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ், ஆங்கிலம் மட்டுமல்ல, இந்தியிலும் எழுதலாம் என்பதால் சிப்காட்டில் வேலை செய்யும் வட மாநிலத் தொழிலாளர்களும் மனு போடலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

30 நாளில் பதில் வர வேண்டும். "விசாரணை பாதிக்கும்" என்று சொல்லி 8(1)(h) பிரிவின் கீழ் மறுக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கப் போதாது, தகவலைத் தந்தால் அது எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும் என 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மொத்த எண்ணிக்கை எந்தத் தனி வழக்கையும் பாதிக்காது.

மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 30 நாளில் முதல் மேல்முறையீடு. அதிலும் தீர்வு இல்லையென்றால் 90 நாளில் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

கவனம்: பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் கேட்கவோ, வெளியிடவோ கூடாது. வெளியிட்டால் பி.என்.எஸ். 72-வது பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வேறு வழி உண்டா?

உண்டு. தங்கள் வழக்கின் நிலையை அறிய ஆர்.டி.ஐ. போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீசாரே சொல்ல வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 193(3) பிரிவு. அப்படிச் சொல்லும்போது, "மாதிரி ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் போனது?" என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.