பத்தணா வெள்ளாமை

மதுரை விமான நிலையத்துக்குப் போகிற வழி, தை முதல் நாள் ஜல்லிக்கட்டு: அவனியாபுரம் என்றால் இன்று பலருக்கும் இவ்வளவுதான். ஒரு காலத்தில் இது வயலும் கண்மாயுமான ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் இப்படிப்பட்ட ஊர்களின் விளைச்சலை அரசாங்கம் அறிந்தது கண்மதிப்பால். ஊர்க் கணக்கரான கர்ணம் வரப்பில் நின்று பார்த்து, விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிட்டு, "பத்தணா வெள்ளாமை" என்று எழுதுவார். அது தாலுகா, ஜில்லா என்று ஏறி மாகாணக் கணக்காகிவிடும். சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

1940-களில் இந்த முறை மாறியதற்குப் பெரிய காரணம், புள்ளியியல் அறிஞர்கள் வெளிப்படையாக மோதிக்கொண்டது. வங்காளத்தில் மகலனோபிஸ் சிறு வட்டங்களை அறுத்து அளந்தார். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் பி.வி.சுகாத்மே அதை மறுத்தார். எல்லைக் கயிற்றின் மேலேயே நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? அறுக்கிறவர் கை தானாக உள்ளேதான் சேர்க்கும். அறுக்கும் துண்டு சிறுக்கச் சிறுக்க அந்தப் பிழை பெருகும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும். இருவருமே அரசுக்குக் கணக்குச் சொன்னவர்கள்; ஆனாலும் வெளிப்படையாக வாதாடினார்கள். 1947-இல் இந்திய வேளாண் புள்ளியியல் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் ராஜேந்திர பிரசாத். இப்படிப்பட்ட விவாதங்களுக்கு அதன் ஆண்டு மாநாட்டில் ஓர் அரங்கு கிடைத்தது.

இன்று மதுரைச் சீமையில் நெல் அறுவடைக்கு முன் வயலைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து, நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே நிற்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு பெருமளவு இந்த எடையைப் பொறுத்தது. கயிறு ஒரு சாண் நகர்ந்தால் ஒரு கிராமமே பணத்தை இழக்கலாம்.

இப்படிப்பட்ட கணக்கைப் பற்றிப் பேசக் கூடும் மாநாடுகளுக்கு ஆகும் செலவு வீண் என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அலுவலகத்தில் மேலதிகாரியின் எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. மாநாட்டில்தான் வேறு மாநிலத்து இளைஞர் ஒருவர் எழுந்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்க முடியும். கட்டுரைகள் இப்போது கைப்பேசிக்கே வருகின்றன, கூட்டங்கள் திரையில் முடிகின்றன. ஆனால் தேநீர் இடைவேளையில், "எங்கள் பக்கம் முளை அடிக்கும்போது இப்படி ஒரு தப்பு நடக்கிறது" என்று ஒருவர் மனம்விட்டுச் சொல்வது திரையில் நடக்காது.

புள்ளியியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மாநாட்டுக்குப் போகிறவர்கள் பட்டியலில், வயலில் இறங்கிக் கயிறு பிடிக்கும் ஆய்வாளர் ஒருவரின் பெயரையும் சேருங்கள்.