பாடசாலைப் பேரவை: பெற்றாருக்குச் சட்டம் தந்த கதிரை

செப்ரெம்பர் மாதத்தில் பாடசாலைகள் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருக்கும். பிள்ளையின் புத்தகப் பைக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில், ஒரு தாள் கசங்கிக் கிடக்கும். இப்போது பல பாடசாலைகள் அதை மின்னஞ்சலிலும் அனுப்புகின்றன. 'ஸ்கூல் கவுன்சில்' என்று தலைப்பிட்ட அந்த அறிவித்தலை நம்மில் எத்தனை பேர் கடைசி வரி வரை வாசிக்கிறோம்? "இது என்ன தாள்?" என்று பிள்ளையைக் கேட்டால், "அது ஒண்டுமில்லை அம்மா, ஏதோ மீற்றிங்காம்" என்று பதில் வரும். தாள் குப்பைக்குப் போய்விடும்.

அப்படிப் போவது சாதாரண கடதாசி அல்ல. பிள்ளை படிக்கும் பாடசாலையைப் பற்றிக் கேள்வி கேட்கவும், அதற்குப் பதில் பெறவும் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் பெற்றாருக்குத் தந்திருக்கும் உரிமையின் அழைப்பிதழ் அது.

நாம் சங்கம் நடத்தத் தெரியாதவர்களா?

மார்க்கத்திலும் அயலிலுள்ள ஸ்காபரோவிலும் வாழும் நாம் சங்கம் நடத்தத் தெரியாதவர்கள் அல்லர். ஊரிலுள்ள பாடசாலைகளுக்கு இங்கே பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிறோம். மண்டபம் எடுத்துக் கலைவிழா நடத்துகிறோம். மலர் வெளியிடுகிறோம். கணக்கறிக்கை வாசிக்கிறோம். நிர்வாகசபைத் தெரிவில் சண்டையும் பிடிக்கிறோம். சேர்த்த பணத்தில் ஊர்ப் பாடசாலைக்குக் கூரை போட்டிருக்கிறோம், கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இதெல்லாம் பெருமைப்பட வேண்டிய காரியங்களே.

ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த பாடசாலைக்காக இவ்வளவு பாடுபடும் நாம், நமது பிள்ளை இன்று காலை போன பாடசாலையின் அதிபருடைய பெயரைக் கேட்டால் தடுமாறுகிறோம்.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போகும் வீடுகளில் மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு யார் போவது? ஆங்கிலம் விளங்கினாலும் சபையில் எழுந்து கதைக்கக் கூச்சம். "வாத்தியார்மாருக்குத் தெரியாததோ?" என்ற மரியாதை வேறு. இவற்றோடு இன்னுமொன்று உண்டு. ஊரில் பெற்றார் ஆசிரியர் சங்கம் என்றால் பெரும்பாலும் மதில் கட்டவும் விளையாட்டுப் போட்டி நடத்தவும் காசு சேர்க்கும் சங்கம். இங்கேயும் அதுதான் என்று நினைத்து, "காசைத்தானே கேட்கப்போகினம், கொடுத்துவிட்டால் போச்சு" என்று இருந்துவிடுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

ஒன்ராறியோவில் ஒவ்வொரு பாடசாலைக்கும் பேரவை அமைக்க வேண்டுமென்று கல்வி அமைச்சு 1995இல் கல்விச் சபைகளைப் பணித்தது. 2000ஆம் ஆண்டில் வந்த 612/00 இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பொதுக் கல்விச் சபைப் பாடசாலைக்கும் கத்தோலிக்கக் கல்விச் சபைப் பாடசாலைக்கும் இது பொருந்தும். மாணவரின் கல்வித் தேர்ச்சியை உயர்த்துவதும், கல்வி முறைமை பெற்றாருக்குப் பொறுப்புக் கூறும்படி செய்வதுமே பேரவையின் நோக்கங்கள் என்று அது சொல்கிறது. காசு சேர்ப்பது அந்த நோக்கத்தில் இல்லை.

முக்கியமான விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1. பேரவையில் பெற்றாரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். தலைவரும் ஒரு பெற்றாராகவே இருக்க வேண்டும். கல்விச் சபையில் வேலை செய்பவர் தலைவராக முடியாது. அதிபர் அங்கத்தவரே. ஆனால் அவருக்கு வாக்கு இல்லை.

2. பாடசாலை ஆண்டு தொடங்கி முதல் 30 நாட்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 14 நாட்கள் முன்னதாக ஒவ்வொரு பெற்றாருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாக்களிப்பு இரகசியமானது. பதவி ஓராண்டுக்கு.

3. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டங்கள். அவை எல்லோருக்கும் திறந்தவை. தெரிவாகாத பெற்றாரும் போய் இருக்கலாம்.

4. கூட்டக் குறிப்பும் பணக் கணக்கும் எழுதி வைக்கப்பட வேண்டும். யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு அவை பாதுகாக்கப்பட வேண்டும்.

5. அதிபருக்கோ கல்விச் சபைக்கோ எந்த விடயம் பற்றியும் பேரவை பரிந்துரை செய்யலாம். அந்தப் பரிந்துரையைப் பெற்றவர் அதைக் கவனத்தில் எடுத்து, என்ன செய்தார் என்பதைப் பேரவைக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்த ஐந்தாவது விதியில்தான் பேரவையின் உயிர் இருக்கிறது. பரிந்துரையை ஏற்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விட முடியாது.

இவை தவிர, பேரவையிடம் கட்டாயம் கருத்துக் கேட்க வேண்டிய விடயங்களும் உண்டு. மாணவர் ஒழுக்கக் கோவை, உடை விதி, மாகாணப் பரீட்சைப் பெறுபேறுகளை வைத்துப் பாடசாலை தயாரிக்கும் முன்னேற்றத் திட்டம் ஆகியவை அவற்றுட் சில. அதிபர்களைத் தெரிவு செய்து நியமிக்கும் முறை பற்றியும் கல்விச் சபை பேரவைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். "எங்கள் பாடசாலைக்கு எப்படிப்பட்ட அதிபர் வேண்டும்?" என்று ஊரில் யார் நம்மைக் கேட்டார்கள்?

"நான் கேட்டதை எழுதினவையோ?"

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பிள்ளை படித்த ஆரம்பப் பாடசாலையின் பேரவையில் அங்கத்தவராக இருந்தேன். முதலாண்டில் நாங்கள் அதிகம் கதைத்தது பீற்சா விற்பது பற்றித்தான்.

ஒரு கூட்டத்துக்கு நமது தாய் ஒருவர் வந்திருந்தார். தொழிற்சாலையில் மாலை வேலை செய்பவர். அன்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கூட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கையை உயர்த்தினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கான பாடங்களைத் தெரிவு செய்யும் படிவத்தை விளக்குகிற கூட்டம் எப்போதும் வாரநாளில் மாலையில் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது, எங்களைப் போன்றவர்கள் எப்படி வருவது என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

அது சிறிய கேள்வி அல்ல. அந்தக் காலத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே 'அக்கடமிக்', 'அப்ளைட்' என்று இரண்டு வழிகள் இருந்தன. அப்ளைட் கணிதத்தை எடுத்த பிள்ளை பின்னர் பல்கலைக்கழகம் நோக்கிய கணிதப் பாடத்துக்கு மாறுவதென்றால் இடையில் வேறொரு பாடம் படித்தே மாற வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை கொண்டுவந்த தாளில் விளங்காமல் வைத்த கையெழுத்து, பிள்ளையின் வழியையே மாற்றிவிடக்கூடும். ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பிரிவை மாகாணம் 2021இல் கணிதத்திலும் 2022இல் ஏனைய பாடங்களிலும் நீக்கியது.

அதிபர் நல்லவர். "நல்ல யோசனை, பார்ப்போம்" என்றார். கூட்டம் முடிந்தது. வாகனத் தரிப்பிடத்தில் அந்தத் தாய் என்னிடம் வந்தார்.

"அண்ணை, நான் கேட்டதை அவையள் எழுதினவையோ?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் குறிப்பைப் பார்த்தேன். பீற்சாவின் விலை இருந்தது. அவருடைய கேள்வி இல்லை. அந்த ஆண்டும் விளக்கக் கூட்டம் வாரநாள் மாலையில்தான் நடந்தது. அவர் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

மறு ஆண்டு அதே கேள்வியை வேறு விதமாகக் கொண்டுபோனோம். கூட்டத்துக்கு இரண்டு கிழமை முன்பே தலைவருக்கு எழுதி, நிகழ்ச்சிநிரலில் முதலாவது விடயமாகப் போடச் செய்தோம். வாரநாள் வர முடியாத பெற்றார் பலரிடம் முன்கூட்டியே கதைத்தோம். சீனப் பெற்றாருக்கும் உருது பேசும் பெற்றாருக்கும் இதே கஷ்டம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. "சனிக்கிழமை காலையில் மொழிபெயர்ப்பாளர்களுடன் ஒரு விளக்கக் கூட்டம் வைக்க வேண்டும்" என்று ஒரே வரியில் பரிந்துரை எழுதி, வாக்கெடுத்து, குறிப்பில் பதிந்தோம். அடுத்த கூட்டத்தில் அதிபர் திகதியோடு பதில் கொண்டுவந்தார். அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் கதிரை போதாமல் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் பெற்றார் இருந்தார்கள்.

முதலாண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் பாடசாலை ஒன்றுதான், அதிபர் ஒருவர்தான், கேள்வியும் ஒன்றுதான். முதலாண்டில் அது காற்றோடு போனது. இரண்டாம் ஆண்டில் தாளில் ஏறியது.

பேரவையைப் பயனுள்ளதாக நடத்த

இந்த அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

நிகழ்ச்சிநிரல்: படிப்போடு தொடர்பான விடயம் முதலில் வரட்டும். பீற்சாவும் புத்தகக் கண்காட்சியும் கடைசியில் வரட்டும். கடைசியில் வருவதற்குத்தான் எப்போதும் நேரம் போதாது.

கூட்டக் குறிப்பு: யார், எதை, எப்போதைக்குள் செய்வதாகச் சொன்னார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் முந்திய குறிப்பில் நிறைவேறாதவற்றை வாசித்துத் தொடங்கட்டும். செயலாளர் பதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் எழுத வல்ல நம்மவர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மொழியும் நேரமும்: ஒழுங்குவிதியின்படி, தன் முன் உள்ள விடயங்கள் பற்றிப் பேரவை எல்லாப் பெற்றாரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். விளங்காத மொழியில் கேட்பது கேட்டதாகாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வர முடியாதவர்கள் இரண்டு வரி எழுதி அங்கத்தவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பணம்: கல்விச் சபையின் விதிகளுக்கு அமையவும், அது அங்கீகரித்த நோக்கத்துக்காகவும் மட்டுமே நிதி சேர்க்கலாம். சேர்த்ததற்கும் செலவழித்ததற்கும் ஆண்டறிக்கையில் கணக்கு வர வேண்டும். எதற்கென்று முடிவெடுத்தபின் சேர்ப்பதே மனஸ்தாபம் வராத வழி.

எல்லை: தன் பிள்ளையின் புள்ளியையோ ஓர் ஆசிரியர் மீதான தனிப்பட்ட குறையையோ கதைக்கும் இடம் பேரவை அல்ல. அதற்கு ஆசிரியரையும் அதிபரையும் நேரே சந்திக்க வேண்டும். பேரவையில் எழுப்ப வேண்டியது பல பிள்ளைகளைத் தொடும் விடயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரவை தமிழ்ச் சங்கம் அல்ல. சனவரியில் தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடக் கேட்பது நியாயம். பொங்கலன்று மட்டும் வந்து படமெடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை. மற்றப் பிள்ளைகளின் விடயத்திலும் நாம் குரல் கொடுத்தால்தான் நமது விடயத்தில் அவர்கள் குரல் கொடுப்பார்கள்.

எழுத்தில் கேட்டவர்கள்

கேட்டால் நடக்குமா என்று ஐயப்படுவோர் நமது யோர்க் பிராந்தியக் கல்விச் சபையின் அண்மைக் கால வரலாற்றைப் பார்க்கலாம். இனவெறி குறித்தும், முறைப்பாடுகளைச் சபை கையாண்ட விதம் குறித்தும் 2016இல் பெற்றார் பலர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். கறுப்பினப் பெற்றாரும் முஸ்லிம் பெற்றாரும் இதில் முன்னின்றனர். விடாமல் எழுதினார்கள், கூட்டங்களுக்கு வந்தார்கள். 2017 சனவரியில் மாகாணக் கல்வி அமைச்சர் மிற்சி ஹன்ரர், சபையை ஆராய இருவரை நியமித்தார். ஏப்ரலில் அறிக்கை வந்தது. சபைக்கு அமைச்சர் பல பணிப்புரைகளை விடுத்தார். பணிப்பாளரும் பதவியிலிருந்து நீங்கினார். பெற்றாரின் குரல் தொடங்கி வைத்த காரியம் அது.

அதே கல்விச் சபையில் நம்மவர்களும் இடம் பெற்றிருக்கிறார்கள். 2006இல் நீதன் சானும், 2010இல் யுவனிற்றா நாதனும் மார்க்கத்திலிருந்து ட்ரஸ்டிகளாகத் தெரிவானார்கள். யுவனிற்றா நாதன் பின்னர் சபையின் தலைவராகவும் இருந்தார். ஆனால் மேலே ஒருவர் இருப்பதால் கீழேயுள்ள கதிரை தானாக நிரம்பிவிடாது. ஒவ்வொரு பாடசாலையிலும் அந்தக் கதிரையில் யாராவது வந்து உட்கார வேண்டும்.

அன்பான பெற்றாரே, ஆண்டுக்கு நான்கு மாலைகள். கலைவிழா ஒன்றின் ஒத்திகைக்கே அதைவிடக் கூடுதலான நாட்கள் போகின்றன. தாயும் தகப்பனும் இரண்டு இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டாலும் காரியம் ஆகிவிடும். ஆங்கிலம் தடக்கினால் தடக்கட்டும். அன்று கையை உயர்த்திய தாயின் ஆங்கிலமும் தடக்கியதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அவருடையதே.

அடுத்த செப்ரெம்பரில் புத்தகப் பைக்குள் அந்தத் தாள் வரும். எடுத்து வாசியுங்கள். திகதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். கூட்டத்தில் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். அதைக் குறிப்பில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.