பல்லை நகர்த்த எலும்பில் இடம் இருக்கிறதா?

நாற்பது வயதில் தெற்றுப்பல்லைச் சரிசெய்யக் கிளிப் போடப் போகிறவர், 'இரண்டு பல்லை எடுக்க வேண்டியிருக்கும்' என்று மருத்துவர் சொன்னதும் திகைத்துப்போகிறார். சொத்தையில்லாத பல்லை ஏன் பிடுங்க வேண்டும்? விடை தாடை எலும்பில் இருக்கிறது.

பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ச்சவ்வு உண்டு. கம்பி மெல்ல அழுத்தும்போது, அழுந்துகிற பக்கம் எலும்பு கரையும். இழுபடுகிற பக்கம் புது எலும்பு படியும். இப்படித்தான் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகர்கிறது. எலும்பும் ஈறும் நலமாக இருந்தால் இது எந்த வயதிலும் நடக்கும்.

வயது பறித்துக்கொள்வது வேறொன்றை: தாடையின் வளர்ச்சியை. மேல்தாடையின் இரு பாதிகளும் அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்கின்றன. சிறுவயதில் அந்தப் பொருத்து இறுகியிருக்காது; திருகு வைத்த கருவியால் தாடையையே அகலப்படுத்தலாம். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது இறுகிவிடும். பிறகு அண்ண எலும்பில் சிறு திருகுகளைப் பதித்தோ அறுவை சிகிச்சை செய்தோதான் விரிக்க வேண்டும். கீழ்த்தாடையின் பாதிகளோ ஒரு வயதுக்குள்ளேயே ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே, இருக்கிற எலும்புக்குள்தான் இடம் தேட வேண்டும். கீழ் முன்பற்களின் வேருக்கு முன்னால் உள்ள எலும்பு பலருக்கு 1 மி.மீ. கூட இருக்காது. இடம் போதாமல் பற்களை வெளியே தள்ளினால் வேர் அந்த மெல்லிய சுவரைத் தாண்டலாம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியலாம். இழந்த அந்த எலும்பு தானாக மீள்வது அரிது.

நெரிசல் சில மில்லிமீட்டர்தான் என்றால், அடுத்தடுத்த பற்கள் தொடும் இடத்தில் எனாமலை இலேசாகத் தேய்க்கலாம். ஓர் இடைவெளிக்கு அதிகபட்சம் சுமார் 0.5 மி.மீ. கிடைக்கும். நெரிசல் பெரிதென்றால் முன்கடைவாய்ப்பல்லை எடுப்பார்கள். ஒன்றுக்குச் சுமார் 7 மி.மீ. இடம் கிடைக்கும். பல்லை எடுக்காமலே கடைவாய்ப்பற்களைப் பின்னே நகர்த்தவும் வழியுண்டு. ஆனால் அங்கும் எலும்பு இருக்க வேண்டும்.

ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள். கம்பியா, கண்ணாடி போன்ற அலைனரா என்பது அடுத்த கேள்வி. எதுவானாலும் பல் நகர்வது அதே எலும்புக்குள்தான். 'எனக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் வேண்டும், அது எங்கிருந்து வரும்?' என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு புரிந்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.