கிராமர் கேட்கும் பிள்ளைகள்

"மகள் கம்பசுக்கு எடுபட்டிட்டாள். ஆனால் இங்கிலீசு எண்டால் வாயே திறக்கிறாள் இல்லை, பிள்ளை" என்றார் நான் வீட்டில் சந்தித்த தாய் ஒருவர். போரில் கணவரை இழந்தபின், தைத்துத் தைத்தே மகளைப் படிக்க வைத்தவர். மகளோ கிராமர் புத்தகத்தை மனனஞ் செய்துகொண்டிருந்தாள்.

இது ஒருத்தியின் கதை மட்டுமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1994 வரை ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, கலைப்பீட முதலாம் வருட மாணவர் 22 பேரின் வகுப்பை ஆராய்ந்து 1993இல் கட்டுரை எழுதினார். அவ்வகுப்பின் பாடநூல் அமெரிக்க வாழ்க்கையைப் பேசியது. வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் பாடநூலின் ஓரங்களில் தங்கள் மனதில் உள்ளவற்றை வரைந்தும் எழுதியும் வைத்தனர். உரையாடற் பயிற்சியை விடக் கிராமர் குறிப்புகளையே விரும்பினர். பரீட்சைக்கு அது உதவும். அந்நிய வாழ்க்கைமுறைக்குள் புகாமலே மொழியைக் கற்கலாம் என்பதும் ஒரு காரணம்.

நான் காணும் இன்னொரு காரணம் வெட்கம். விதியை மனனஞ் செய்பவளைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. பிழையாகப் பேசுபவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். ஆனால் நாளை நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்பவர் விதியைக் கேட்கமாட்டார். அவள் தன்னைப் பற்றிச் சொல்வதையே கேட்பார்.

கிராமர் தேவைதான். "நான் சோறு சமைத்தேன்" என்பதில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் "சமைத்தேன்" என்பது சோற்றுக்கு முன்னே வரவேண்டும். இதை அறிய விதி உதவும். ஆனால் அளவுநாடா மட்டும் சட்டை ஆகிவிடுமா? துணியை வெட்டி, பிழைத்தால் பிரித்துத் தைத்தால்தானே கை பழகும்!

அந்தத் தாயிடம் ஒன்று சொன்னேன். இரவில் மகள் தன் ஊரைப் பற்றி, அன்றைய நாளைப் பற்றி ஐந்து வசனங்கள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்திலிருந்து கேளுங்கள்.

"எனக்கு ஒண்டும் விளங்காதே" என்றார்.

அடுத்த மாதம் போனபோது மகள் சிரித்தாள். "அம்மாவுக்கு முன்னால பிழைவிட எனக்கு வெட்கமில்லை அக்கா."

சகோதரிகளே, ஆங்கிலம் தெரியாதென்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளைக்கு முதலில் வேண்டியது, சிரிக்காமல் கேட்கும் ஒருவர்.