தூக்கமின்மையும் மூளையும்: ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

"ராத்திரி பூரா கண்ணே மூடலை" என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் என்ன பதில் வரும்? செல்போனை ஓரமாக வை. யாரோ கண் வைத்துவிட்டார்கள். ஈமானில் பலவீனம். ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கம் ஓதிப் பார்க்க நம்மிடம் அழைத்து வரப்படுபவர்களிலும் இப்படித் தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு. ஓதிப் பார்ப்பதில் தடையில்லை. ஆனால், நோயாளியைக் குற்றவாளி ஆக்குவதுதான் நமக்கு உறுத்துகிறது.

சீனாவின் குவாங்சோ நகர மருத்துவமனை ஆய்வாளர்கள், தூக்கமின்மை நோயுள்ள 23 பேரையும், நன்றாகத் தூங்கும் 30 பேரையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். 2016-ல் 'ரேடியாலஜி' இதழில் அது வெளியானது. மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பு இழைகளை அவர்கள் பார்த்தார்கள். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் இந்த இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. அது தேய்ந்தால் செய்தி தடுமாறும். நோயாளிகளுக்கு, முக்கியமாக மூளையின் வலப்பக்கத்தில், இந்த இழைகளின் கட்டுக்கோப்பு குறைந்திருந்தது. உறை தேய்ந்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. தூக்கத்தையும் விழிப்பையும் சீர்படுத்துவதில் பங்குள்ள தலாமஸும் அதில் அடங்கும். எத்தனை காலமாகத் தூக்கமில்லை, மனச்சோர்வு எவ்வளவு என்பவற்றோடும் இந்த மாற்றங்கள் தொடர்புபட்டிருந்தன.

இதை வாட்ஸ்அப்பில் "தூங்காவிட்டால் மூளை அழுகும்" என்று பரப்ப வேண்டாம். 53 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் 2007-ல், நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸ் இந்நோயாளிகளுக்குச் சிறுத்திருப்பதாகச் சொன்னார்கள். 2013-ல் அதே குழு கூடுதல் பேரை வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை! மேலும், தூக்கம் கெட்டதால் மூளை மாறியதா, மூளை அப்படி இருந்ததால் தூக்கம் கெட்டதா என்பதை ஒருமுறை எடுத்த ஸ்கேன் சொல்லாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குத் தூங்க நேரம் கிடைப்பதில்லை. படுக்கையும் நேரமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் வராமல் பகலில் அவதிப்பட்டால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, மருத்துவர் உட்கார்ந்து விசாரித்தாலே போதும். நிறையப் பணம் மிச்சம்.

மாத்திரைக்கு முன் தரவேண்டிய சிகிச்சை, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீராக்கும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. தூக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவதும், தினமும் ஒரே நேரத்தில் விழிப்பதும் அதில் அடக்கம். ஃபஜ்ருக்கு எழுபவருக்கு இந்த இரண்டாவது எளிது, தொழுத பிறகு மறுபடி படுக்காமல் இருந்தால். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குவது சட்டப்படியே கூடாது. பழகிப்போனவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-க்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.