நான்கு அங்குல உயரம்

காரின் பின்சீட்டில் ஆறு வயதுக் குழந்தையை உட்காரவைத்து, பெரியவர்களுக்கான பெல்ட்டை மாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அது ஏன் பெல்ட்டைக் கழற்றுகிறது என்பது புரிந்துவிடும். குழந்தையின் தொடை சீட்டின் முன்விளிம்பு வரை எட்டாது. முதுகு சாய உட்கார்ந்தால் முழங்கால் மடங்க இடமில்லாமல் கால்கள் விறைப்பாக நீண்டிருக்கும். அது வலிக்கும் என்பதால் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சரிந்து, முழங்கால் மடங்கும் இடத்துக்கு வந்து சேரும். இடுப்பு முன்னே நகர நகர, தொடைமேல் கிடந்த பட்டை வயிற்றின்மேல் ஏறும். தோளில் இருக்க வேண்டிய பட்டை கழுத்தை அறுக்கும். குழந்தை முதலில் அதைக் கையால் விலக்கிப் பிடிக்கும், பிறகு கக்கத்துக்கு அடியில் தள்ளும், அப்புறம் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும், கடைசியில் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடும். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அடம். ஆனால் பள்ளிச் சட்டையின் காலர் கழுத்தை உறுத்தினால் மேல் பித்தானைக் கழற்றும் அதே கைதான் இதையும் செய்கிறது. பெல்ட் எந்த இடத்தில் உறுத்துகிறதோ, மோதலின்போது பெரும்பாலும் அதே இடத்தில்தான் காயப்படுத்தவும் செய்கிறது. அதனால் குழந்தையை பெல்ட்டோடு உட்காரவைக்க விரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதன் குணத்தை அல்ல, அது உட்காரும் உயரத்தை.

இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை ஸ்வீடனின் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற பொறியாளர். அதற்கு முன் அவர் போர்விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். திடீர் விசை மனித உடலை என்ன செய்யும் என்று அறிந்தவர். 1959-இல் வோல்வோ கார்களில் இந்தப் பெல்ட் வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. போலினுடைய யோசனை எளிமையானது. உடலைத் தாங்க வேண்டியது எலும்பு, சதை அல்ல. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் முன்முனைகளில் தங்க வேண்டும். மேல்பட்டை காறை எலும்பின் நடுவிலும் நெஞ்சுக்கூட்டின் மேலும் படிய வேண்டும். இடுப்பெலும்பின் அந்த முனைகள் பெரியவர்களுக்குப் பட்டையைப் பிடித்து நிறுத்தும் கொக்கிபோல் புடைத்திருக்கும். ஆனால் குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டித்தான் அவ்வளவு வளர்ச்சி வரும். அதுவரை பட்டை எலும்பைத் தாண்டி வழுக்கி, குடலும் கல்லீரலும் இருக்கும் மென்மையான வயிற்றுக்குள் இறங்கிவிடும். மேல்பட்டையை முதுகுக்குப் பின்னால் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மேலுடல் பேனாக்கத்திபோல் மடங்கி, முதுகெலும்பே பிளந்துபோகலாம். வயிற்றில் பட்டைத் தழும்பு, உள்ளே குடல் கிழிசல், முதுகில் எலும்பு முறிவு ஆகியவை சேர்ந்து வரும் இந்த நிலைக்கு ‘சீட் பெல்ட் சின்ட்ரோம்’ என்று 1962-இலேயே மருத்துவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்யும் சாதனம் பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். பூஸ்டர் சீட் என்பது அடிப்படையில் ஒரு கெட்டியான மணைப்பலகை. 1970-களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் புழக்கத்துக்கு வந்தது. குழந்தையை ஏறத்தாழ நான்கு அங்குலம் உயர்த்துகிறது, அவ்வளவுதான். அந்த உயரத்தில் மேல்பட்டை கழுத்தைவிட்டு இறங்கித் தோளின் நடுவுக்கு வந்துவிடும். அதன் இருபக்கமும் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளை அழகுக்கு வைத்த கைப்பிடி என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்ப்பட்டை அவற்றுக்கு அடியில் போய், தொடையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும் என்பதற்காக வைத்தவை. பூஸ்டரின் ஆழம் குழந்தையின் தொடை அளவுக்கே இருப்பதால் முழங்கால் அதன் விளிம்பில் இயல்பாக மடங்கும். சரிந்து வர அவசியமே இருக்காது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கவும் முடிகிறது என்பது குழந்தைக்குக் கிடைக்கும் உபரி லாபம். இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வெறும் பெல்ட் போட்ட 4 முதல் 7 வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால், பூஸ்டரில் உட்கார்ந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 59 சதவீதம் குறைவு என்று 2003-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2009-இல், 4 முதல் 8 வயது வரை சேர்த்து, கூடுதல் தரவுகளோடு பார்த்தபோது அது 45 சதவீதம் என்று தெரிந்தது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஒரு மணைப்பலகைக்கு இது பெரிய சாதனை.

தலையணையை மடித்துப் போட்டு உட்காரவைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. மோதும் நொடியில் தலையணை அமுங்கித் தட்டையாகும், அல்லது குழந்தையோடு முன்னால் வழுக்கும். பட்டை தளர்ந்து, குழந்தை அதன் அடியில் புகுந்துவிடும். கழுத்துப் பட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் முக்கோணத் துணி ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது மேல்பட்டையை இறக்கும்போதே கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு ஏற்றிவிடக்கூடும். உறுத்தல் போய்விடும், ஆபத்து அங்கேயே இருக்கும் என்பதால் இதை நான் தலையணையைவிட மோசமாக நினைக்கிறேன்.

பூஸ்டர் வயதுக்கும் முந்தைய சின்ன வயதில் உயரம் மட்டும் போதாது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. அந்தப் பாரத்தைத் தாங்கும் கழுத்தோ இன்னும் பாதி குருத்தெலும்பு. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்தபடி விசையை முதுகு முழுவதும் வாங்கிக்கொண்டதைக் கவனித்த ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன், 1960-களில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை உருவாக்கினார். ஸ்வீடனில் நான்கு வயது வரைகூடக் குழந்தைகள் பின்னோக்கியே பயணம் செய்கிறார்கள். இந்த இருக்கைகளில் தோளிலிருந்து இடுப்புவரை ஐந்து முனைகளில் பட்டை வரும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை இதிலிருந்து கையை உருவிக்கொள்கிறது என்றால், பெரும்பாலும் பட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தோளருகே பட்டையை விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விரலுக்குள் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கினால் குழந்தைக்கு வலிக்கும் என்று பயப்படுகிறவர்கள் அதைத் தொட்டிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கை கால் ஆடாதபடி துணி பொதிந்திருக்கும்போதுதான் குழந்தை நன்றாகத் தூங்குகிறது. இந்த இருக்கைகளின் பக்கிளைத் திறக்க 40 முதல் 80 நியூட்டன் விசை தேவைப்பட வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. அதாவது நான்கு கிலோவுக்குக் குறையாத எடையைக் கட்டைவிரலால் அழுத்துவது. பெரியவர் ஆபத்தில் சட்டென்று திறக்க முடிய வேண்டும், சின்ன விரல் விளையாட்டாகத் திறந்துவிடக் கூடாது என்ற இரண்டுக்கும் இடையில் பிடித்த அளவு அது.

எவ்வளவு சொன்னாலும் எழும் மறுப்பு ஒன்று உண்டு: “மடியிலதான வெச்சிருக்கேன், இறுக்கிப் பிடிச்சுக்க மாட்டேனா?” தாயின் கையைவிடப் பத்திரமான இடம் உண்டு என்று சொல்வது நெஞ்சுக்கு உவப்பாக இல்லைதான். ஆனால் கணக்கு இரக்கம் காட்டுவதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் சுவரில் மோதினால், முகப்பு அரை மீட்டருக்குச் சற்று மேல் நசுங்கி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நின்றுவிடும். அந்த நேரத்தில் 12 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். அரிசி மூட்டைகள் எட்டை ஒருசேரத் தூக்கும் கை யாருக்கும் இல்லை. அதுவும் எதிர்பாராத நொடியில். தாயும் பெல்ட் போடவில்லை என்றால் அவர் உடல் குழந்தையை நசுக்கும். முன்சீட்டு மடியாக இருந்தால் ஏர்பேக் குழந்தைமேலேயே வெடித்து விரியும். ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்பதும் தேறாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரருகே குழந்தை போனால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. ஓடும் காரில் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே அது நின்றுகொண்டு வரும்போது கலங்குவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை.

பெல்ட் திடீரென்று இறுகிக்கொள்கிறது என்பது குழந்தைகளின் இன்னொரு புகார். இதற்கு மருந்து அந்த இயந்திரத்தையே காட்டிவிடுவதுதான். பட்டையைச் சுற்றி வைத்திருக்கும் உருளைக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கார் சட்டென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ குண்டு உருண்டு ஒரு நெம்புகோலைத் தூக்கும், நெம்புகோல் பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும், உருளை நின்றுவிடும். பட்டையையே வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டிக்கொள்ள இன்னோர் ஏற்பாடு இருக்கிறது. நிறுத்தி வைத்த காரில் குழந்தையிடமே கொடுத்து, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், வழிந்து வரும். வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள், நின்றுவிடும். பூட்டிக்கொண்டால் கொஞ்சம் உள்ளே விட்டு மறுபடி இழுக்க வேண்டும் என்பதையும் அப்படியே கற்றுக்கொள்ளும். ஆனால் பட்டையைக் கழுத்தில் சுற்றி விளையாட மட்டும் ஒருபோதும் விடக் கூடாது.

பொருத்தம் சரியானபின் பழக்கம் அவ்வளவு கடினமில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் கிறிஸ்டோபர்சன் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. கட்டிப்போட்டால் குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் என்ற பொது நம்பிக்கைக்கு நேர்மாறாக, கார் இருக்கையில் சரியாக உட்காரவைக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகவே நடந்துகொண்டார்கள் என்று அவர் கண்டார். ஏறிக் குதிக்கலாமா என்ற கேள்வியே எழாதபோது கேட்டு அழவும் காரணமில்லை. ஆனால் விதிவிலக்கு கூடாது. பத்து முறை அழுது ஒருமுறை கழற்ற அனுமதி கிடைத்தால், பதினோராவது முறையும் அழுவதுதான் குழந்தைக்கு லாபம். எல்லோருடைய பக்கிளும் ‘க்ளிக்’ என்ற பிறகே வண்டி கிளம்பும். நடுவில் கழற்றினால் வண்டி ஓரங்கட்டி நிற்கும். திட்டும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம், நின்றால் போதும். எங்காவது போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை குழந்தைக்கும் இருக்கிறது.

அந்த எல்லோரிலும் பெரியவர்கள் அடக்கம் என்பதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன. பின்சீட்டில் தாத்தா பெல்ட் போடாமல் வந்தால், பெல்ட் என்பது சின்னப் பிள்ளைகளுக்கான தண்டனை என்றே குழந்தை முடிவு கட்டும். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோதுதான், பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பதே பலருக்குத் தெரியவந்தது. எச்சரிக்கை மணியை ஏமாற்ற பக்கிளில் வெறும் கிளிப்பைச் செருகி வைக்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்ததென்றால், 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அதை விற்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் போடும் கை அரிதாகவே நீள்கிறது என்பது வேறு விஷயம்.

தீப்பிடித்தால் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளுமே என்ற அச்சம் உண்மையானது. ஆனால் விபத்துகளில் தீப்பிடிப்பவை மிகச் சொற்பம். அப்படிப் பிடித்தாலும், நினைவோடு இருக்கும் குழந்தையைத்தான் வேகமாக வெளியே எடுக்க முடியும். அந்த நினைவைக் காப்பாற்றிக் கொடுப்பதே பெல்ட்தான். விலையைப் பொறுத்தவரை, முதுகு இல்லாத எளிய பூஸ்டர் ஒரு கார் டயரைவிட அதிகம் ஆகாது. எடை குறைவு என்பதால் கால் டாக்சிக்கும் எடுத்துப் போகலாம். ஐந்து பேர் காரில் எட்டுப் பேர் கல்யாணத்துக்குப் போவதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அதில் பெல்ட் இல்லாமல் மிஞ்சுவது எப்போதும் குழந்தைகள்தான். இரண்டு வண்டியில் போவதைத் தவிர வழியில்லை. நம் ஊருக்கே உரிய தடைகளும் சில உண்டு. சீட் கவர் தைத்துப் போடும்போது பின்சீட்டு பக்கிள்கள் பெரும்பாலும் அடியில் புதைந்துவிடுகின்றன. முதலில் அவற்றைத் தோண்டி எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு நாக்கு தோசைக்கல்போல் கொதிக்கும். ஒருமுறை சுட்டுக்கொண்ட குழந்தை மறுமுறை கிட்டே வராது. வண்டியை நிறுத்தும்போது பட்டையின்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்தால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

பூஸ்டரை எப்போது எடுத்துவிடலாம்? பிரிட்டனில் 135 சென்டிமீட்டர் உயரம் அல்லது 12 வயது, ஜெர்மனியில் 150 சென்டிமீட்டர் அல்லது 12 வயது என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காரின் சீட்டும் வேறு என்பதால் குழந்தையை உட்காரவைத்துப் பார்ப்பதே நம்பகமான அளவுகோல்: முதுகு சீட்டில் முழுக்கப் படிய வேண்டும், முழங்கால் விளிம்பில் மடங்க வேண்டும், கீழ்ப்பட்டை தொடையின் மேற்பகுதியில் கிடக்க வேண்டும், மேல்பட்டை தோளின் நடுவே போக வேண்டும். இவற்றைப் புறப்படும்போது பார்த்தால் போதாது. திண்டிவனம் தாண்டி, எல்லோரும் பேசி ஓய்ந்து, குழந்தை தூங்கிப்போன பிறகு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். தலை ஒருபக்கம் சாய்ந்து, இடுப்பு முன்னால் வழுக்கி, பட்டை மறுபடி வயிற்றுக்கு ஏறியிருந்தால், இன்னும் ஒரு வருடத்துக்கு அந்த மணைப்பலகை காரிலேயே இருக்கட்டும்.